கேலிச் சித்திரமும் காவிரி நாடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐயோவா என்றொரு மாகாணம் உண்டு. தஞ்சைத் தரணிக்கு நெல் எப்படியோ அப்படியே அந்த மாகாணத்துக்கு மக்காச்சோளம். கடலும் இல்லை, பெயர் சொல்லும்படியான மலையும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும், வயலை நம்பிய குடிகளுமே அதன் செல்வம். அந்த மாகாணத்தின் தலைநகரில் வெளியாகும் 'ரிஜிஸ்டர்' என்னும் தினப் பத்திரிகையில் 1906-ஆம் ஆண்டு ஜே. என். டார்லிங் என்பவர் சித்திரக்காரராக வந்து அமர்ந்தார். 'டிங்' என்று சுருக்கமாகக் கையெழுத்திட்டு அவர் வரைந்த படங்கள் அப்பத்திரிகையின் முதற் பக்கத்திலேயே இடம் பெற்றன. 1949-ல் ஓய்வு பெறும் வரையில் அவருடைய பேனா ஓயவில்லை. இடையே நியூயார்க் நகரத்துப் பத்திரிகை ஒன்று அழைக்க, அங்கே சென்று சில காலம் இருந்து பார்த்தார். பட்டணவாசம் அவருக்குப் பிடிக்கவில்லை, ஊர் திரும்பிவிட்டார். பின்னர் நியூயார்க் 'ட்ரிப்யூன்' அவருடைய படங்களை நாடெங்கும் பரப்பியபோதும், அவர் பெரும்பாலும் சோளக் காட்டிலிருந்துகொண்டே வரைந்து அனுப்பினாரே ஒழிய, பட்டணத்தில் நிலையாகக் குடியேறவில்லை. புலிட்ஸர் பரிசு 1924-லும் 1943-லும் இருமுறை அவரைத் தேடி ஐயோவாவுக்கே வந்து சேர்ந்தது.

அவர் என்ன வரைந்தார் என்பதே நமக்கு முக்கியம். வாஷிங்டன் நகரத்து மந்திரிகளையும் வரைந்தார், சந்தேகமில்லை. ஆனால் மழையில் கரைந்து ஆற்றோடு போகும் மேல்மண்ணையும், வடிக்கப்பட்டு வறண்டுபோன சதுப்பு நிலங்களையும், ஒதுங்க இடமின்றி அருகிவரும் நீர்ப்பறவைகளையும் அவர் விடாமல் வரைந்துகொண்டிருந்தார். ஜனாதிபதி ரூஸ்வெல்டின் கட்சிக்கு அவர் எதிர்க்கட்சி. அந்த ரூஸ்வெல்டே 1934-ல் அவரை அழைத்து, வனவிலங்குகளைப் பேணும் மத்திய இலாகாவுக்குத் தலைவராக நியமித்தார். நீர்ப்பறவை வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அன்று ஒரு டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்த வாத்து முத்திரையின் முதற் சித்திரமும் டார்லிங் கையால் வரையப்பட்டதே. அதன் வருமானம் பறவைகள் தங்கும் நீர்நிலைகளுக்குச் சென்றது. விகடக்காரனின் வாயை அடைக்கப் பதவி கொடுக்கும் தந்திரம் நமது பழைய ராஜாக்களும் அறிந்ததுதான். டார்லிங்கோ இரண்டு ஆண்டு நிறையுமுன் பதவியைத் துறந்து, தம்முடைய வரைபலகைக்குத் திரும்பிவிட்டார்.

அன்னிய தேசத்தில் எங்கோ வாழ்ந்த ஒரு சித்திரக்காரரைப் பற்றி இவ்வளவு விரித்துரைப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். சொல்கிறோம்.

டார்லிங் ஐயோவாவில் பேனா பிடித்த அதே 1906-ஆம் ஆண்டில்தான் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகை தோன்றியது. தமிழில் ராஜீயக் கருத்துப்படத்தை முதன்முதல் கையாண்டது பாரதியாரின் அந்தப் பத்திரிகையே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட எழுத்து வாசனை இல்லாத காலம் அது. ஒருவர் வாசிக்கப் பலர் சூழ்ந்து கேட்பதே அன்றைய பத்திரிகை வாசிப்பு. கேட்பவன் கண்ணுக்கும் ஏதேனும் வேண்டுமென்று பாரதியார் கருதினார் போலும். படத்தை அச்சிட்டதோடு நில்லாமல், இன்னது இன்னதைக் குறிக்கும் என்று சித்திர விளக்கமும் உடன் எழுதினார். லண்டன் 'பஞ்ச்' 1841 முதலும், லக்ஷ்மணபுரியின் உருது 'அவத் பஞ்ச்' 1877 முதலும் செய்துவந்த காரியந்தான்; ஆயினும் பரிகாசத்தோடு ஆவேசத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்தது 'இந்தியா'வின் தனிச் சிறப்பு. அப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து நூலாக்கியிருப்பது தமிழ்ப் பத்திரிகை உலகுக்குச் செய்த பெரும் உபகாரம்.

1908-ல் சர்க்கார் அப்பத்திரிகையின்மீது பாய்ந்தது. சிறை சென்றவர் யார்? பாரதியார் புதுச்சேரி சேர்ந்துவிட்டார். ஆசிரியர் என்று சர்க்கார் ஏட்டில் பெயர் பதிந்திருந்த எம். சீனிவாசன் ஐந்து வருஷ தண்டனை பெற்றார். வழக்கு கட்டுரைகளின்மேல் தொடரப்பட்டதேயன்றிப் படங்களின்மேல் அன்று என்பதையும் நாம் சொல்லிவிட வேண்டும். எனினும், பத்திரிகையில் வெளியாகும் எதற்கும் எழுதியவன், வரைந்தவன் ஆகிய இருவருக்கும் முன்பாக வெளியிட்டவன் கழுத்தே நீளும் என்ற வழக்கம் அன்றே நிலைபெற்றுவிட்டது.

இனிக் காவிரி நாட்டுக்கு வருவோம். 1926-ல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய 'ஆனந்த விகட'னை 1928-ல் விலைக்கு வாங்கி, தமிழ்நாட்டின் வீட்டுக்கு வீடு விகடத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த எஸ். எஸ். வாசன் யார்? திருத்துறைப்பூண்டிக்காரர். அதிலே தலையங்கத்தையும் நகைச்சுவையையும் ஒரே பேனாவால் எழுதி, சத்தியாக்கிரகத்தையும் சங்கீதத்தையும் ஒருங்கே வளர்த்த 'கல்கி' யார்? மாயவரத்தையடுத்த புத்தமங்கலத்தார். 'மாலி' என்ற மகாலிங்கம் நாலே கோட்டில் ஒரு தலைவரையோ வித்வானையோ பிடித்துப் போட்டுவிடுவார். அந்த மாலியின் கைக்குள் வளர்ந்து, வசனமே இல்லாமல் சிரிக்க வைக்கும் வித்தையில் நிகரற்று விளங்கிய கோபுலு யார்? 1924-ல் தஞ்சையில் பிறந்து, கும்பகோணம் சித்திரக் கலாசாலையில் பயின்றவர். பத்திரிகை நடத்தும் துணிவு, எழுதும் நாவன்மை, வரையும் கை ஆகிய எல்லாவற்றையும் தமிழ் விகடத்துக்கு அன்றைய தஞ்சை ஜில்லா வாரி வழங்கியிருக்கிறது. மாலி வரைந்த சங்கீத வித்வான்களைப் பார்த்தாலும் பாதிப் பேர் நமது ஆற்றங்கரைக்காரராகவே இருப்பார்கள். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு வரைந்த நாதஸ்வரக்காரரையும் சதிர்க்காரியையும் கண்டவர்கள், அந்தக் கை எந்த மண்ணில் பழகியது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இவர்கள் அனைவரும் பட்டணத்துக்கு ரயிலேறியவர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அச்சியந்திரம் அங்கே இருந்தது. சம்பளமும் அங்கே இருந்தது. டார்லிங்கைப்போல் ஊரிலிருந்தே வரைந்து அனுப்பும் வசதியைத் தருவார் எவரும் இல்லை. அதன் பலன் என்ன? நெல் நாட்டுப் பிள்ளைகள் பட்டணத்து ராஜீயத்தை வரைந்தார்கள், டில்லியை வரைந்தார்கள், ஹிட்லரையும் சர்ச்சிலையும்கூடத் தமிழ்ப் பத்திரிகைகள் வரைந்தன. நெல் நாடு மட்டும் வரையப்படாமல் நின்றது. ஓவிய அழகுக்காக வரையப்பட்டது உண்டு. கோபுரமும் குளக்கரையும் தீபாவளி மலர்களில் நிறைய வந்தன. நாம் சொல்வது கேலிச் சித்திரத்தைப் பற்றி: இந்த ஊரில், இன்ன அதிகாரி, இன்ன அக்கிரமம் செய்தார் என்று விரல் நீட்டும் படத்தைப் பற்றி.

விஷயத்துக்குப் பஞ்சமா? 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார்கள். தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரை, அவர்களுக்கு அன்னமோ இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தண்டோராப் போட்டார். சோறுடைத்த சோழ நாட்டில், வழிப்போக்கனுக்குச் சோறிடாதே என்று உத்தரவு! ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கலெக்டர் துரை குதிரையின்மேல் நிற்க, தலைக்குமேல் மரமெல்லாம் பொட்டலமாய்க் காய்த்துத் தொங்கும் காட்சியை மனத்தில் எழுப்பிப் பாருங்கள். இதற்கு வசனம் எதற்கு?

வேதாரண்யத்திலே வைரப்பன் என்ற நாவிதர் இருந்தார். தாம் க்ஷவரம் செய்துகொண்டிருப்பது தொண்டர்களை அடிக்க வந்த போலீஸ்காரனுக்கு என்று பாதியில் தெரிந்ததும், கத்தியை மடக்கி வைத்துவிட்டாராம். அரை முகம் மழித்தும் அரை முகம் மழிக்காமலும் போலீஸ்காரன் அவரை நியாயஸ்தலத்துக்கு இழுத்துச் சென்றானாம். வைரப்பன் மிச்ச முகத்தை மழிப்பதைவிடச் சிறைக்குப் போவதே மேல் என்று தீர்மானித்தார். அவர் பெயரால் வேதாரண்யத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் அரை முகம்! லண்டன் மாநகரத்தில் டேவிட் லோ என்ற மகா சித்திரக்காரர் எத்தனையோ இரவு கண்விழித்துக் கற்பனை செய்தும் கிட்டாத விஷயம், வேதாரண்யத்து மரத்தடியில் தானாக நடந்திருக்கிறது.

கேலிச் சித்திரம் என்றால் சிரிப்பு மாத்திரமே என்று நினைப்பது தவறு. ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட 1963-ஆம் ஆண்டில் சிகாகோ 'சன்-டைம்ஸ்' பத்திரிகையின் பில் மால்டின் ஒரு படம் வரைந்தார். வாஷிங்டனிலுள்ள லிங்கன் சிலை, நாற்காலியில் அமர்ந்தபடியே முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு குனிந்திருக்கிறது. அவ்வளவே. ஒரு தேசமே அதைப் பார்த்து அழுதது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குக் கீழ்வெண்மணியின் நினைவு வருகிறது. 1968-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நான்கு பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். கீழ்க் கோர்ட்டு மிராசுதார்களைத் தண்டித்தது. 1973-ல் சென்னை ஹைக்கோர்ட்டு விடுதலை செய்தது. வக்கீல் தொழிலில் பழகிய நாம் தீர்ப்புகளைப் பற்றி எளிதில் வாய் திறப்பதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது: ஏராளமான நிலபுலன்களும் மோட்டார் காரும் உடைய பெரிய மனிதர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்பட. இந்த வாதத்துக்கு நூறு தலையங்கம் பதில் சொல்லலாம். சாம்பல் மேட்டின் அருகே, கால் தரையில் படாமல் நிற்கும் ஒரு மோட்டார் காரை வரைந்தால் போதும். நூறு தலையங்கமும் அதற்குள் அடங்கிவிடும்.

ஏன் இப்படிப்பட்ட படங்களால் நமது பத்திரிகைகள் நிரம்பவில்லை? சித்திரக்காரர் இல்லை என்பது பொய். அவர்களைக் கொடுத்த ஜில்லாவே இதுதான். தூரத்திலிருக்கும் மந்திரியைப் பரிகசிப்பது சுலபம். அவர் நமது பத்திரிகையைப் பார்க்கப் போவதில்லை; பார்த்தாலும் சிரித்துவிட்டுப் போவார். பண்டித நேரு தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சித்திரக்காரர் சங்கரிடம் சொன்ன கதை யாவரும் அறிந்ததே. ஆனால் பக்கத்துத் தெரு கான்டிராக்டர் சிரிக்க மாட்டார். விளம்பரத்தை நிறுத்துவார், நோட்டீஸ் அனுப்புவார், இருட்டின பிறகு ஆள் அனுப்புவார். அருகில் இருப்பவனை வரைவதற்குக் கையைவிட முதுகெலும்பு அதிகம் வேண்டியிருக்கிறது. அந்த முதுகெலும்பு சித்திரக்காரனுடையது மட்டுமல்ல. படத்தை அச்சேற்றும் பத்திரிகை முதலாளியுடையது.

அமெரிக்காவிலும் இது லேசில் வந்ததன்று. செயிண்ட் லூயிஸ் நகரத்து 'போஸ்ட்-டிஸ்பாட்ச்' பத்திரிகையில் டேனியல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் வரைந்தார். உள்ளூர்க் கோர்ட்டில் ஒரு வழக்குத் தள்ளுபடியானதைக் கண்டித்து 1940-ல் அவர் ஒரு படம் போட்டார். கோர்ட்டு அவமதிப்பு என்று அவருக்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தார் உள்ளூர் நீதிபதி. உடனிருந்த தலையங்க ஆசிரியருக்கு அதைவிட அதிகம். பத்திரிகைக்கும் தனியே அபராதம். முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை, அப்பீல் செய்தார். 1941-ல் மிசூரி மாகாண உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தப் படம் வாஷிங்டனைப் பற்றியதன்று. சொந்த ஊரின் நியாயஸ்தலத்தைப் பற்றியது.

'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையின் ஹெர்ப்ளாக் கதை இன்னும் சுவையானது. 1950-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி அவர் வரைந்த படத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தார்ச் சட்டிகளின்மேல் ஏறி நிற்கும்படி குடியரசுக் கட்சியின் யானையை அதன் தலைவர்கள் இழுத்துத் தள்ளுகிறார்கள், யானை மிரள்கிறது. உச்சியிலிருந்த சட்டியில் அவர் எழுதிய சொல் 'மெக்கார்த்தியிஸம்'. கம்யூனிஸ்டு என்று எவர்மீதும் சேற்றை வாரியிறைத்த செனட்டர் மெக்கார்த்தியின் பெயரால் அகராதியில் ஒரு வார்த்தை ஏறியது இந்தச் சட்டியிலிருந்துதான் என்று பலரும் சொல்வதுண்டு. அதே பத்திரிகை 1952 தேர்தலில் ஐசன்ஹவரை ஆதரித்தபோது, ஹெர்ப்ளாக்கின் படங்கள் அதற்குச் சங்கடமாகித் தேர்தல் முடியும் வரை நிறுத்தப்பட்டன. வெளியூர்ப் பத்திரிகைகளில் மட்டும் அவை வந்துகொண்டிருந்தன. பின்னர் புத்தி தெளிந்து, அவருக்குப் பூரண சுதந்திரம் கொடுத்தார்கள். கொடுத்த சுதந்திரம் என்றைக்கும் நிலைத்துவிடுவதில்லை. 2025 ஜனவரியில் அதே 'போஸ்ட்'டில், பத்திரிகையின் சொந்தக்காரர் உட்பட்ட செல்வர்கள் ஜனாதிபதி டிரம்ப் சிலையின் முன் மண்டியிடுவதாக ஆன் டெல்னேஸ் வரைந்த படம் மறுக்கப்பட்டது. அவ்வம்மையார் ராஜினாமாச் செய்தார். அந்த ஆண்டுப் புலிட்ஸர் பரிசு அவருக்குச் சென்றது.

நமது பக்கத்தில் முதுகெலும்புக்கு உதாரணம் 1987-ஆம் ஆண்டு. வாசனின் குமாரர் எஸ். பாலசுப்ரமணியன் ஆசிரியராயிருந்த 'ஆனந்த விகட'னின் அட்டையில் சட்டசபை அங்கத்தினரையும் மந்திரியையும் பரிகசிக்கும் ஒரு துணுக்குப் படம் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, கட்சி இல்லை. சபையின் உரிமை மீறப்பட்டது என்று சட்டசபை சினந்தது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியருக்கு ஏப்ரல் 4-ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழவே, இரண்டு நாளில் விடுதலை செய்தார்கள். அவர் அத்துடன் விடவில்லை, ஹைக்கோர்ட்டுக்குப் போனார். 1994-ல் அவர் பக்கம் தீர்ப்பாகி, ஆயிரம் ரூபாய் நஷ்டஈடும் கிடைத்தது. சபைகளின் உரிமை இன்னதென்று சட்டமாக எழுதி வைக்காமல், பழைய பிரிட்டிஷ் பார்லிமெண்டின் மரபைப் பிடித்துக்கொண்டு பத்திரிகாசிரியரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் சுதந்திர இந்தியாவில் இருக்கலாமா என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

முதுகுக்குப் பின்னால் பத்திரிகை இல்லாதவன் கதி என்ன என்பதற்கு 2017 உதாரணம். கந்துவட்டிக் கொடுமையால் திருநெல்வேலிக் கலெக்டர் காரியாலயத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததைக் கண்டித்து, சித்திரக்காரர் ஜி. பாலா தாமே ஒரு படம் வெளியிட்டார். மாநில முதல்வரோடு ஜில்லாவின் அதிகாரிகளையும் அதில் வரைந்துவிட்டார். சென்னையிலிருந்த அவரைப் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டு சென்றார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. முதல்வரை மட்டும் வரைந்திருந்தால் இவ்வளவு வேகம் காட்டியிருப்பார்களா என்பது நமக்குச் சந்தேகமே.

இப்போது சிறைக்குக்கூட அவசியமில்லாமல் போயிற்று. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டு அனுப்பப்பட்டதைச் சுட்டி, பிரதமர் மோதி விலங்குடன் டிரம்ப் அருகே அமர்ந்திருப்பதாக 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி விகடனின் மின்னிதழில் ஒரு படம் வந்தது. 15-ஆம் தேதி விகடன் இணையதளம் முழுவதுமே முடங்கியது. ஒரு படத்துக்காக ஒரு புத்தகசாலையையே பூட்டிய கதை. மார்ச் 6-ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு, படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிடும்படி உத்தரவிட்டது. 1908-ல் சர்க்காருக்குக் குற்றச்சாட்டும், சாட்சியும், ஒரு தீர்ப்பும் தேவைப்பட்டன.

சித்திரக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உடற்குறையையும், ஜாதியையும், பெண்களின் மானத்தையும் பரிகசிப்பது விகடமாகாது. வலியவனைக் கண்டு கை நடுங்குகிறவன் செய்யும் வேலை அது. காவிரி விஷயத்திலும் ஒரு சோம்பல் படிந்திருக்கிறது. இரண்டு முதலமைச்சர்கள் ஒரு குடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போன்ற படம் வறட்சிதோறும் தவறாமல் வருகிறது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்த பின்பும் அதே குடம், அதே இழுப்பு. குடத்துக்குள் வந்த தண்ணீர் பிறகு எங்கே போயிற்று? மேட்டூர் திறந்து வாரக்கணக்கில் கடைமடைக்கு நீர் எட்டாததேன்? தூர் வாரியதாகக் கணக்கெழுதிய வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதேன்? ஆற்றுப்படுகையின் மணலை இரவோடிரவாக ஏற்றிச் செல்லும் லாரி யாருடையது? இவற்றை வரைய வேண்டுமானால் சைக்கிள் ஏறி நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சென்னையில் மேஜையின்முன் அமர்ந்து குடம் வரைவதுபோல் அது சுலபமன்று.

கும்பகோணத்துச் சித்திரக் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் மாணவர்கள் வெளிவருகிறார்கள். தஞ்சையிலோ, திருவாரூரிலோ, நாகையிலோ, மயிலாடுதுறையிலோ பத்திரிகை நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். அவர்களில் ஒருவரை அழைத்து, மாதச் சம்பளமும் ஒரு ரயில் பாஸும் கொடுத்து, வாரம் ஒரு படம், இந்த நான்கு ஜில்லாக்களுக்கு வெளியே ஒரு கோடும் போகக்கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். வரும் நோட்டீசுக்குப் பதிலெழுத வக்கீல் கிடைப்பார். அதற்கு நாம் பொறுப்பு.

முதற் படத்துக்கு விஷயமும் நாமே தருகிறோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசல். ஐப்பசி அடைமழை. சாலையோரத்தில் நெற்குவியல், அதன்மேல் ஒரு குடை, குடைக்கு வெளியே நனைந்துகொண்டு விவசாயி. குவியலின் அடியில் நெல் முளைவிட்டிருக்கிறது. எதிரே, கூரைக்கடியில் நாற்காலியை விட்டெழாமலே ஈரமானியை நீட்டி, பதினேழு சதவிகிதத்துக்கு மேலே இருக்கிறதென்று விரலை ஆட்டுகிறார் சிப்பந்தி. வசனம் ஒன்றும் வேண்டாம். நேரில் பார்த்து வந்து, அடியில் அந்த நிலையத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் குறிக்கட்டும்.